பழைய லேபிளின் அழகு எங்கிருந்து வந்தது?

சேலம், நாமக்கல் பக்கம் செக்கெண்ணெய், நாட்டுச்சர்க்கரை, ஜவ்வரிசி என்று சிறிய அளவில் பாக்கெட் போட்டு விற்கிறவர்கள் பலர், டிசைனரிடம் போய் “அந்தக் காலத்து லேபிள் மாதிரி வேணும்” என்று கேட்கிறார்கள். கையில் வருவது பெரும்பாலும் ஒரே அச்சு: பழுப்புத் தாள், காபி சிந்திய கறை, கருகிய ஓரம். ஆனால் அந்தக் காலத்து லேபிள் கடைக்கு வந்த நாளில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பளிச்சென்றுதான் இருந்தது. பழுப்பு பிற்பாடு தாளில் ஏறியது. பழைய தோற்றம் வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது அதை அச்சிட்ட பட்டறையை.

கல்லும் நிறமும்

1796 வாக்கில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது கல்லச்சு. சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை ஈரப்படுத்தி மை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். நிறம் கூடினால் செலவும் கூடும்.

நம் ஊர்க் கதை சிவகாசியில் இருக்கிறது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட, அச்சுத் தொழிலும் அங்கே வேரூன்றியது. மலிவான சரக்குக்கு மலிவான லேபிள்தான் கட்டும். எனவே சில நிறங்களுக்குள் வேலையை முடித்தார்கள். நிழல் வேண்டிய இடத்தில் ஓவியர் புள்ளியும் கோடும் போட்டார். நாம் ரசிக்கிற அழகில் பெரும்பங்கு இந்தச் சிக்கனத்தின் விளைவு.

ஆகவே மூன்று, நான்கு நிறத்தோடு நிறுத்துங்கள். வழக்கமான நான்கு வண்ணக் கலவைக்குப் பதில், தனியாகக் கலந்த ‘ஸ்பெஷல் கலர்’ மையில் ஆஃப்செட் அச்சிட முடியுமா என்று அச்சகத்தில் கேளுங்கள். போட்டோ வேண்டாம், கோட்டோவியம் போதும். கம்ப்யூட்டர் தரும் வழவழப்பான நிறச்சரிவையும் தவிருங்கள்.

எந்தக் காலம், எந்தப் படம்

பழமை என்றதும் ஆங்கிலேய பாணிக் கொடிச்சுருளை வரைந்துவிடுகிறோம். சரக்குக்கு ஏற்ற காலத்தைப் பிடிக்க வேண்டும். சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் 1940-களில், இரண்டாம் உலகப்போரால் வெளிநாட்டு வரத்து நின்றபோது, மாணிக்கம் செட்டியார் போன்றவர்கள் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்க முனைந்ததில் பிறந்தது. அந்த லேபிளுக்கு 1940-களின் தீப்பெட்டிப் படமே உறவு.

அன்று எழுத்துத் தெரியாதவர்கள் படத்தைச் சொல்லித்தான் சரக்குக் கேட்டார்கள். அதனால் நடுவில் ஒரே படம், மேலே வளைவாகப் பெயர், கீழே ஊர், சுற்றிலும் பார்டர் என்று அமைப்பு எளிமையாக இருந்தது. உங்களுக்கு மரவள்ளிச் செடியோ, ஜவ்வரிசி காயும் களமோ, நாமக்கல் மலைக்கோட்டையோ போதும். மூன்றையும் ஒன்றாகத் திணிக்காதீர்கள்.

எழுத்து

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் துதிக்கை போல வளைந்த கொம்போடு எழுதினோம். ணா, றா, னா முதலியவற்றுக்கும் வேறு வடிவம் இருந்தது. ‘கடலை எண்ணெய்’ என்ற பெயரில் அந்தப் பழைய லை ஒன்றே காலத்தைச் சொல்லிவிடும். ஆனால் இளையவர்கள் தடுமாறுவார்கள். பெயரோடு நிறுத்திக்கொண்டு மற்ற விவரங்களை இன்றைய எழுத்தில் போடுங்கள். பெயரைக் கையால் எழுதி வாங்குவது நல்லது. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்கு எழுதிப் பழகிய பெயின்டர் கிடைத்தால் நிழல் விழும் எழுத்துக்கு வேறு ஆள் தேட வேண்டாம்.

உறை

நம் பகுதியின் நிஜமான பழைய உறை, ஒரு நிறத்தில் ஸ்க்ரீன் பிரின்ட் போட்ட மஞ்சப்பை. வெளியே அந்தப் பை, உள்ளே உணவுத்தரமுள்ள உறை என்று வைக்கலாம். ஜவ்வரிசியும் நாட்டுச்சர்க்கரையும் ஈரத்தை இழுக்கும். வெறும் காகிதம் தாங்காது. செய்தித்தாள் பொட்டலம் ஆசை காட்டும். உணவைச் செய்தித்தாளில் மடிப்பதை 2018 உணவு உறை விதிகள் தடுக்கின்றன. அச்சு மை உணவில் இறங்கும்.

சட்டம் பழமை பார்க்காது

நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த மாதமும் வருடமும், அதிகபட்ச சில்லறை விலை, புகார்த் தொடர்பு ஆகியவை கட்டாயம். உணவானால் 14 இலக்க உரிம எண்ணும், சைவத்துக்குப் பச்சைக் குறியும் வேண்டும். எடையைச் சேர், பலத்தில் போட முடியாது, கிராமும் கிலோவும்தான். காந்தி படம் பழைய லேபிள்களில் இருந்ததே என்று எடுத்தால் 1950-ஆம் ஆண்டுச் சின்னங்கள் சட்டம் குறுக்கே நிற்கும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பயன்படுத்த, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

வருடத்திலும் கவனம் தேவை. சேலத்து நரசுஸ் காபி 1926 என்று போட்டால் அது அவர்கள் வயது. போன வருடம் ஆரம்பித்த கடை அப்படிப் போட்டால் வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும்.

கட்டாய விவரங்களுக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு மீதி இடத்தில் படம் வரையச் சொல்லுங்கள். மாதிரி வந்ததும் கறுப்பு வெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, ஆறடி தள்ளி நின்று பாருங்கள். படமும் பெயரும் அப்போதும் தெரிந்தால் அச்சுக்குக் கொடுக்கலாம். தெரியாவிட்டால் எதையும் கூட்டாமல், இருப்பதில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.