வயசு என்ன ஆச்சு உங்களுக்கு?

நான் பத்தாவதுதான் பாஸ். கட்டுரை எழுதிப் பழக்கமும் கிடையாது. ஆனாலும் மூன்று மாதமாக மனசில் கிடந்து உறுத்துகிற விஷயத்தை என்னைப் போன்ற சகோதரிகளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பட்டறையை தை மாதம் மூடிவிட்டார்கள். பெரியவன் பாலிடெக்னிக், சின்னவள் பிளஸ் டூ. "நான் வேணா எங்கேயாவது வேலைக்குப் போகட்டுமா?" என்று கேட்டேன். அவர் பதிலே பேசவில்லை. மறுநாள் காலையில் பேப்பரில் வந்த விளம்பரத்தைக் கிழித்து, என் காபி டம்ளருக்கு அடியில் வைத்திருந்தார். சரி, சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

திருச்சி கடைவீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. பில் போடப் பெண்கள் தேவை, வயது 18 முதல் 28 வரை, நல்ல தோற்றம் அவசியம் என்று போட்டிருந்தது. எனக்கு 44. ஆனால் எங்கள் மகளிர் குழுவின் கணக்கை 11 வருஷமாக நான்தான் எழுதுகிறேன். ஒரு ரூபாய் இடித்ததில்லை. அந்தத் தைரியத்தில் கிளம்பிவிட்டேன்.

பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண். காலில் மெட்டி போட்ட தடம் வெளுப்பாகத் தெரிந்தது, மெட்டியைக் காணோம். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கழட்டி பர்ஸுல வெச்சிருக்கேன்க்கா. தாலியையும் உள்ளே தள்ளி பின் குத்தியிருக்கேன். கல்யாணமாகி எட்டு மாசம். போன இடத்துல உள்ளதைச் சொன்னேன், உடனே அனுப்பிட்டாங்க" என்றாள். எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. ஆடிப்பெருக்குக்குத் தாலிக்கயிறு மாற்றும்போதுகூடக் கழுத்தை வெறுமையாக விடாதே என்று சொல்லி வளர்த்த ஊர் இது.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். என் மகனைவிட நாலைந்து வயசுதான் மூத்தவர் இருக்கும் அந்த மேனேஜர். "ஆன்ட்டி, வயசு என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றார். சொன்னேன். "பத்து மணி நேரம் நிக்கணுமே, முடியுமா?" வீட்டில் அடுப்படியில் நான் என்ன நாற்காலி போட்டா உட்கார்ந்திருக்கிறேன்? அதைச் சொல்லவில்லை, "முடியும் தம்பி" என்றேன். கணக்கைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். இன்று வரை சொல்லியனுப்பவில்லை.

எங்கள் குழுவுக்கு ஒரு வக்கீல் அம்மா வந்து பேசுவார். அவரிடம் கொட்டித் தீர்த்தேன். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று நம் தமிழ்நாட்டில் 2021லேயே சட்டம் வந்துவிட்டதாம். பெண் என்பதற்காக ஒருத்தியை வேலைக்கு எடுக்காமல் இருக்கக்கூடாது என்று 1976ல் ஒரு சட்டம், 2019ன் ஊதியச் சட்டத்திலும் அதே பேச்சு. வயசுக்கு மட்டும் தனியார் கம்பெனிகளைக் கேள்வி கேட்க நம் நாட்டில் சட்டமே இல்லை என்றார்.

அவர் சொன்ன இரண்டு வழக்குகள் மறக்கவே இல்லை. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும், சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போய்விடும், முதல் கர்ப்பத்திலேயே வீட்டுக்குப் போக வேண்டும் என்று விதி இருந்ததாம். 1981ல் சுப்ரீம் கோர்ட் கர்ப்ப விதியைத் தள்ளியது. நாலு வருஷ விதியை விட்டுவைத்தது! இன்னொன்று எல்.ஐ.சி.யில். வேலைக்குச் சேரும் பெண்ணிடம் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது என்றெல்லாம் பாரத்தில் கேட்டிருக்கிறார்கள். நீரா மாத்தூர் என்பவர் கர்ப்பத்தை மறைத்தார் என்று சொல்லி, குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு நீக்கினார்கள். 1991ல் கோர்ட் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி, அந்தக் கேள்விகளையும் எடுக்கச் சொன்னது. அவரும் மறைத்தார், என் பக்கத்தில் இருந்த பெண்ணும் மெட்டியை மறைத்தாள். உள்ளதைச் சொன்னால் வேலை இல்லை என்றால் வேறென்ன செய்வார்கள்?

ரொம்ப நியாயம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஐந்து வருஷம் முன்பு மாமியார் படுக்கையில் இருந்தபோது உதவிக்கு ஆள் தேடினேன். ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். "கைக்குழந்தையோட எப்படிம்மா முடியும்?" என்று கேட்டதோடு நிற்காமல், "நீங்க என்ன ஆளுங்க?" என்றும் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

எனக்கு இப்போது ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் கணக்கு எழுதுகிற வேலை. வார்டன் அம்மாவுக்கே 61 வயசு. என் வயசை அவர் கேட்கவில்லை. போன மாதக் காய்கறிக் கணக்கைக் கையில் கொடுத்துக் கூட்டச் சொன்னார், 340 ரூபாய் இடித்தது, கண்டுபிடித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் இன்டர்வியூ.

ஏப்ரல் கடைசியில் அந்தச் சின்னப் பெண் போன் செய்தாள். கடையில் அவளைத்தான் எடுத்திருக்கிறார்கள். "அக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு. வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் பயமா இருக்கு. கல்யாணமே ஆகலைன்னுதானே சேர்ந்தேன்?" என்று அழுதாள்.

வக்கீல் அம்மாவுக்கு உடனே போன் போட்டேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடை என்றால், பிரசவ தேதிக்கு முந்தின 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், சம்பளத்தோடு 26 வாரம் லீவு உண்டு, பிரசவ லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கவும் கூடாது என்றார். வேலைக்குச் சேர்ந்த தேதி, சம்பளம் வாங்கினதற்கு அத்தாட்சி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். காலண்டரை ஆணியிலிருந்து கழற்றித் தரையில் வைத்து இரண்டு பேரும் எண்ணினோம். மார்ச் 1ல் சேர்ந்திருக்கிறாள், வாரத்துக்கு ஒரு நாள் லீவு. கழித்துப் பார்த்தால், ஜூன் முதல் வாரத்துக்குள் 80 வந்துவிடுகிறது. பென்சிலால் அந்த வாரத்தை வட்டம் போட்டேன். "அதுவரைக்கும் வாந்தி வராம இருக்க ஏதாவது கைவைத்தியம் சொல்லுங்கக்கா" என்றாள். சுக்கும் எலுமிச்சையும் எடுக்க உள்ளே போனேன்.