தீம் வெறும் அலங்காரம் அல்ல

ஆரணியாற்றங்கரையில் உள்ள ஒரு பள்ளி தனக்கென வலைத்தளம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டியில் கணினிக் கடை வைத்திருக்கும் முன்னாள் மாணவர் ஒரே நாளில் அதை அமைத்துத் தருகிறார். ஆண்டுவிழாப் படங்கள், சேர்க்கை விண்ணப்பம், பெற்றோரின் கைப்பேசி எண்கள் எல்லாம் அதில் ஏறுகின்றன. பிறகு அதன் உட்பகுதியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

உலக வலைத்தளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் இயங்குகின்றன. அதில் தளத்தின் தோற்றத்தைத் தருவது தீம். சுவருக்கு அடிக்கும் வண்ணம் போலத்தான் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், தீம் என்பதும் ஒரு நிரல். சில தீம்கள் உள்நுழையும் படிவம், மறந்த கடவுச்சொல்லை மாற்றும் வசதி ஆகியவற்றையும் சேர்த்தே தருகின்றன. அந்த நிரலில் பிழை இருந்தால் தளமே பிறர் கைக்குப் போய்விடும்.

2025இல் நடந்தது இதற்குத் தக்க சான்று. வாகன விற்பனைத் தளங்களுக்கான 'மோட்டார்ஸ்' தீம் 22,000க்கும் மேற்பட்ட முறை விற்பனையானது. கடவுச்சொல்லை மாற்றக் கேட்பவரிடம் அது ஒரு மறைகுறியீட்டை எதிர்பார்க்கும். தாக்குபவர் செல்லாத எழுத்துகளை அனுப்பினால், நிரல் அவற்றை நீக்கி, வெற்றிடமாக்கிவிடும். மாற்றம் கோராத பயனரின் பதிவிலும் குறியீடு இல்லை, அங்கும் வெற்றிடம். இரண்டும் ஒன்றே என்று நிரல் ஏற்றுக்கொண்டது. நிர்வாகியின் கடவுச்சொல்லையே வெளியாள் மாற்ற முடிந்தது. திருத்திய பதிப்பு மே 14 அன்று வந்தது; மே 19 அன்று பிழையின் விவரம் வெளியானது; மறுநாளே தாக்குதல்கள் தொடங்கின.

இங்கே கவனியுங்கள்: கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயனில்லை. தாக்கியவர் அதை ஊகிக்கவில்லை, மாற்றிவிட்டார். அந்த ஐந்து நாள்களுக்குள் தீமைப் புதுப்பித்தவர்கள் தப்பினார்கள்.

பள்ளித் தளத்தில் பறிபோக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பள்ளியின் பெயரில் 'கட்டணம் செலுத்துக' என்று ஒரு போலிப் பக்கம் வந்தால் பெற்றோர் நம்பிப் பணம் கட்டுவார்கள். குழந்தைகளின் படங்களும் தொலைபேசி எண்களும் வெளியே போகும். நம்பிக்கைதான் நம் முதல், அதையே திருடுகிறார்கள்.

பள்ளி அளவில் செய்யக்கூடியவை:

1. தீம், செருகுநிரல், வேர்ட்பிரஸ் மூன்றையும் புதுப்பிக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் இயக்கிவையுங்கள்.

2. பயன்படுத்தாத தீம்களை நிறுத்திவைத்தால் போதாது, நீக்கிவிடுங்கள்.

3. விலைக்கு விற்கும் தீமை யாரோ 'இலவசம்' என்று தந்தால் வாங்காதீர்கள். அதில் கள்ளக்கதவு வைத்திருக்கலாம்.

4. நிர்வாகி உரிமை ஓரிருவருக்கு மட்டும் போதும். செய்தி ஏற்றும் ஆசிரியருக்குப் பதிப்பாசிரியர் உரிமை போதுமானது. மாற்றலாகிச் சென்றவரின் கணக்கை நீக்குங்கள்.

5. உள்நுழைய இரண்டாம் சரிபார்ப்பை வையுங்கள். கடவுச்சொல் மாற்றப்பட்டாலும், கைப்பேசியில் வரும் குறியீடு இல்லாமல் நுழைவது கடினம்.

6. மாதம் ஒருமுறை தளத்தின் நகலை வேறிடத்தில் சேமியுங்கள். பயனர் பட்டியலையும் பாருங்கள். அறியாத நிர்வாகி பெயர் ஒன்று இருந்தால் அதுவே எச்சரிக்கை மணி.

7. பெற்றோரின் எண்களைத் தளத்தில் வைப்பது தேவைதானா என்று கேளுங்கள். இல்லாத தகவலை யாரும் திருட முடியாது.

தளம் கைமாறிவிட்டால், முதலில் தளத்தை வைத்திருக்கும் சேவை நிறுவனத்திடம் சொல்லி அதை நிறுத்திவையுங்கள். பெற்றோருக்கு உடனே தெரிவியுங்கள். பணம் இழப்பு நேர்ந்திருந்தால் 1930 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். பழைய நகலை மீட்டபின், பிழையுள்ள தீமைத் திருத்திய பிறகே தளத்தைத் திறக்க வேண்டும். இல்லையேல் வந்தவர் அதே வழியில் திரும்ப வருவார்.

வகுப்பில் தினமும் வருகைப் பதிவு எடுக்கிறோம். வலைத்தளத்திற்கும் மாதம் ஒருமுறை அப்படி ஒரு பதிவு எடுப்போம்.