அம்மா சொன்ன பருப்புக் கணக்கு

"கிணத்துத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குதுடா"ன்னு அம்மா சொன்னப்ப, நான் மளிகைக் கடைக்காரரைத்தான் திட்டினேன். ஆம்பூர்ப் பக்கம் எங்க நிலம். ரெண்டு வருஷம் கழிச்சு நெல் நாத்து நுனி கருகின பிறகுதான் தண்ணியைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். உப்பு!

தோல் கழிவால் இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுசாவோ கெட்டுப்போனதை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பிலேயே குறிப்பிட்டது. கெடுத்தவரே ஈடு தரணும் என்றது. 2025 ஜனவரியில் மறுபடியும் ஒரு தீர்ப்பு. அதுவரைக்கும் நிலம் காத்திருக்குமா?

வரப்பை உயர்த்தி மழைத்தண்ணியைத் தேக்கி, உப்பு கரைஞ்சதும் வடிச்சுவிட்டோம். அப்புறம் தக்கைப்பூண்டு விதைச்சு, பூக்கிறப்ப மடக்கி உழுதோம். மூணாவது போகத்தில் நாத்து பச்சையா நிக்குது. பருப்புக்கு மட்டும் அம்மா இன்னும் மழைத்தண்ணிதான் பிடிச்சு வைக்கிறாங்க.