காலில் கண் வைத்தால்

திருமழிசை சிட்கோ பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் மொட்டை மாடியில் கூடி விண்வெளிக் கதை ஒன்றை ஆடுகிறார்களாம். கதையை நடத்துவது இவர். "சார், எத்தனை ஏலியனை உள்ளே விட்டாலும் பசங்க சுட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கானுங்க. ஒருத்தன்கூட நின்னு பேச மாட்டேங்கிறான்" என்பது அவர் குறை. கூடவே தான் படைத்த மூன்று இனங்களின் படங்களையும் அனுப்பியிருந்தார். முதலாவது பச்சைத் தோல், கொம்பு, கோபக்காரர்கள். இரண்டாவது நீலத் தோல், நீளக் காது, ஞானிகள். மூன்றாவது பல்லி முகம், வியாபாரிகள், ஏமாற்றுக்காரர்கள்.

பகடை, காகிதம், பென்சில், வாய்ப்பேச்சு என்று நடக்கும் இந்த டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டத்தை இங்கே விளக்கப் போவதில்லை. தெரியாதவர்கள் வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளையைக் கேட்டால் சொல்லிவிடும். வேற்றுக்கிரக உயிரை எப்படிப் படைப்பது என்பது மட்டும்தான் இன்றைய பேச்சு.

தம்பி, உங்கள் நண்பர்கள் சுட்டதில் தப்பில்லை. அந்த மூன்று பேரும் மேக்கப் போட்ட மனிதர்கள். கழற்றினால் உள்ளே ஒன்றுமில்லை. சினிமாவுக்கு அது போதும். உள்ளே ஓர் ஆள் நடிக்க வேண்டும், பார்ப்பவர்களுக்கு முகம் புரிய வேண்டும். 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' படத்து வேற்றுக்கிரகவாசிகூட இரண்டு கை, இரண்டு கால், பெரிய கண் என்று நமக்குப் பழகிய சாயலில்தான் இருந்தது. மேஜையில் ஆடும் ஆட்டத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. செலவே இல்லாமல் எதையும் படைக்கலாம். அப்படியிருந்தும் நாம் போய் நிற்பது பச்சைப் பெயின்ட் டப்பா முன்னால்.

விண்வெளி ஆட்டங்களில் மூத்தவற்றில் ஒன்று 'டிராவலர்'. மார்க் மில்லர் உருவாக்கி 1977இல் அமெரிக்காவில் வெளியானது. அதில் ஒரு கிரகம் வேண்டுமென்றால் முதலில் இரண்டு பகடைகளை உருட்டி அதன் அளவைத் தீர்மானிப்பார்கள். அடுத்து காற்று மண்டலம். அந்தப் பகடையில் விழும் எண்ணோடு கிரகத்தின் அளவையும் கூட்டச் சொல்கிறது விதி. சின்ன கிரகத்தால் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்ற இயற்பியல் அந்த ஒரு கூட்டல் கணக்கில் ஒளிந்திருக்கிறது. விலங்குகளை அது பிரிக்கும் விதம் இன்னும் ரசமானது. பாலூட்டி, ஊர்வன என்றெல்லாம் பிரிப்பதில்லை. எப்படித் தின்கிறது என்பதை வைத்துத்தான் பிரிவு. மேய்வது, வடிகட்டித் தின்பது, பதுங்கிப் பாய்வது, துரத்திப் பிடிப்பது, பொறி வைப்பது, அடுத்தவன் வேட்டையைப் பிடுங்குவது, மிரட்டியே விரட்டிவிட்டுத் தின்பது. டிபன் கடை வாசலில் நம் கையிலிருக்கும் வடைக்கு வரும் காகம் எந்தப் பிரிவு என்று யோசிக்க அரை நொடிகூட ஆகாது.

அதே ஆட்டத்தில் கக்ரீ என்றோர் இனம் உண்டு. நான்கு கால், இரண்டு கை. புல்வெளியில் கூட்டமாக மேய்ந்த விலங்கின் வழி வந்தவர்கள். தனியாக இருக்க முடியாது. அடைத்த அறை ஆகாது. அதனால் அவர்கள் விண்கலங்கள் மைதானம் மாதிரி பரந்து கிடக்கும். சுத்த சைவம். ஆனால் சாதுக்கள் இல்லை. மாமிசம் தின்னும் எதையும் பிரபஞ்சத்திலிருந்தே ஒழித்துவிட வேண்டும் என்று படை திரட்டுகிறவர்கள். நம் ஊர் மேஜையில் இந்த இனத்தை இறக்கினால் எத்தனை வாக்குவாதம் கிளம்பும் என்று நினைத்துப் பாருங்கள். எல்லாம் புல்லிலிருந்து வந்தது. புல்வெளி கூட்டத்தைக் கொடுத்தது, கூட்டம் பயத்தைக் கொடுத்தது, பயம் அரசியலானது.

நிலம் முதலில், உயிர் பிறகு, ஒழுக்கம் கடைசியில். தமிழ் படித்தவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானதுதான். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கருப்பொருள். அந்த மண்ணில் மனிதர் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது உரிப்பொருள். தொல்காப்பியர் பகடை உருட்டினார் என்று நான் கிளப்பிவிடப் போவதில்லை. அப்படிக் கிளப்புகிறவர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஒரு புதுக் கிரகத்துக்குக் குறிப்பெடுக்க உட்காரும்போது இதைவிடக் கச்சிதமான பட்டியலை நான் எந்த ஆட்டப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. பொழுதையும் நிலத்தோடு சேர்த்தே வைத்தார்கள் பாருங்கள், அதுதான் நுட்பம். எவ்வளவு தண்ணீர் என்பதோடு, எந்த மாதத்தில் என்பதும் தெரிய வேண்டும்.

இதற்கு நீங்கள் வேறு கிரகம் போக வேண்டாம். உங்கள் பட்டறைக்குத் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி. 2015 டிசம்பரில் அது நிரம்பித் திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் என்ன செய்தது என்று சென்னைக்கே தெரியும். 2019 கோடையில் அதே ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாலு வருஷத்துக்குள் கடலும் பாலையும். இப்படி மாறி மாறி வரும் நிலத்தில் வாழ ஒரு மீன் என்ன செய்யும்? காற்றைச் சுவாசிக்கப் பழகும். பனையேறிக் கெண்டை அதைத்தான் செய்தது. செவுளுக்கு மேலே அதற்கு மடிப்பு மடிப்பாக இன்னோர் உறுப்பு. வாயால் காற்றை இழுத்து அதில் வைத்துக்கொள்ளும். மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே பிடித்து வைத்தால், மீன், மூச்சு முட்டிச் செத்துப்போகும்! குட்டை வற்றினால் முள் முள்ளாக இருக்கும் செவுள் மூடிகளைத் தரையில் ஊன்றி அடுத்த குட்டைக்கு நகரும். 1791இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளத்தங்கரைப் பனைமரத்தின் பட்டை இடுக்கில் தரைக்கு மேலே இந்த மீனைப் பிடித்ததாக எழுதி வைத்தார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797இல் வெளியிட்டது. அது ஏறியதா, காகமோ பருந்தோ கொத்திக்கொண்டு போய்ப் போட்டதா என்று பின்னால் சர்ச்சை நடந்தது வேறு கதை.

விண்வெளி ஆட்டக்காரர்களிடம் எனக்கு இருக்கும் வருத்தமும் இங்கேதான். செவ்வாய்க் கிரகத்தின் நிலவுகள் இரண்டும் பெயரோடு தெரிகின்றன. தெருமுனைக் குளத்தில் என்ன மீன் இருக்கிறது என்று தெரியவில்லை. அந்தக் குளமும் இப்போது பாதி குப்பைமேடு. மீதித் தண்ணீரில் வளர்க்கவே கூடாதென்று தடை போட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி. அது மற்ற மீன்களையும் அவற்றின் குஞ்சுகளையும் தின்றுவிட்டுக் கொழுத்துக் கிடக்கிறது. வேற்று உயிர் படையெடுத்து வந்து உள்ளூர் உயிரை அழிக்கும் கதை வேண்டுமென்றால் அதுவும் அங்கேயே கிடைக்கும்.

இனி எனக்குப் பிடித்த விஷயம். திருமழிசை என்றால் திருமழிசையாழ்வார். சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறக்க, ஆழ்வார் தம் வலது கால் பெருவிரலில் இருந்த கண்ணைத் திறந்தார் என்ற கதை உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பக்தியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, உடற்கூறு பற்றி மட்டும் ஒரு கேள்வி: காலில் கண் இருந்தால் ஓர் உயிர் எப்படி வாழும்?

முடியாத காரியமில்லை. நட்சத்திர மீனுக்கு ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு கண் இருக்கிறது. சுவர்க்கோழிக்குக் காது முன்னங்காலில், முட்டிக்குக் கொஞ்சம் கீழே. வீட்டு ஈ காலால்தான் ருசி பார்க்கிறது. புலன் எல்லாம் தலையில் இருக்க வேண்டுமென்பது நம்மைப் போன்றவர்களின் வழக்கம், அவ்வளவே.

ஆனால் ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாற வேண்டும். நான் பட்டறையில் இருந்த காலத்தில் மோட்டாரில் பெரிய புல்லி மாட்டச் சொல்வார்கள். மாட்டினால் பெல்ட் நீளம் மாறும், ஷாஃப்டில் சுமை மாறும், பேரிங் வரைக்கும் போய் நிற்கும். உங்களுக்கு இது புதிதில்லை. காலில் கண்ணை வைத்த உடனே முதல் கேள்வி, மிதித்தால் என்ன ஆகும்? குளம்பு மாதிரி கெட்டியான இமை வேண்டும். நடக்கும்போது மூடியிருக்கும், தூக்கினால் திறக்கும். அப்படியென்றால் இந்த உயிர் நடக்கும்போது குருடு. பார்க்க வேண்டுமென்றால் ஒரு காலையாவது தூக்கியாக வேண்டும். இரண்டு காலில் நின்று அது கட்டாது, ஐந்து கால் கொடுங்கள். நான்கில் நிற்கட்டும், ஒன்று பார்க்கட்டும்.

எந்த நிலம் இப்படி ஒரு உடம்பைக் கேட்கும்? செம்பரம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். வெடித்த சேற்றுப் பாளம். மேலே பறந்து வேட்டையாடும் பெரிய உயிர். நம் ஆள் உடம்பை முழுதும் சேற்றுக்குள் புதைத்துக்கொண்டு, ஒரே ஒரு காலை வெடிப்பு வழியாக வெளியே நீட்டி வானத்தைப் பார்க்கிறார். தலை போகாது, போனால் ஒரு கால். சேற்றை வடிகட்டித் தின்பதால் வாய் வயிற்றுப் பக்கம். உயரம் அதிகம் வேண்டாம். உயரம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்காகும், எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நூறு மடங்குதான் ஆகும், நடந்தாலே தொடை எலும்பு முறியும் என்று உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926இல் ஒரு கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டினார். 1957இல் இந்தியாவுக்கே வந்து குடியேறி, புவனேஸ்வரில் 1964இல் மறைந்தவர். இருபதடி ராட்சதப் பூச்சிகளைப் படைக்குமுன் எல்லோரும் அந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும் என்று சட்டமே போடலாம்.

உடம்பு முடிந்தது, ஒழுக்கத்துக்கு வருவோம். ஆட்டம் சூடு பிடிப்பது இங்கேதான். கூட்டமாகப் பயணம் போகையில் பாதிப் பேர் நடப்பார்கள், பாதிப் பேர் நின்று பார்ப்பார்கள். பிறகு முறை மாறும். தனக்காகப் பார்க்கிறவன் சொல்லை நம்பித்தான் ஒவ்வொருவரும் அடி எடுத்து வைக்க முடியும். அங்கே பொய்ச் சாட்சி சொல்வது கொலைக்குச் சமம். கைதிக்கு விலங்கு பூட்ட மாட்டார்கள், காலில் ஜோடு மாட்டிவிடுவார்கள். இப்போது உங்கள் நண்பர்களின் விண்கலம் அங்கே இறங்குகிறது. பூட்ஸ் போட்ட மனிதர்கள், இரண்டு காலையும் தரையில் ஊன்றியபடி வந்து நிற்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? தப்பி வந்த கைதிகள், குருடர்கள், அதுவும் காவலே இல்லாமல். ஊர்ப் பெரியவர் மரியாதையாக முன்னே வந்து காலைத் தூக்கி, சரியாக விண்கலத் தலைவரின் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். உன்னைப் பார்க்கிறேன், நீ எனக்கு முக்கியம் என்று அர்த்தம். யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்த நம் பையன் அதை எப்படி எடுத்துக்கொள்வான்? துப்பாக்கியில் கை போகும். போகட்டும். அந்தக் கணத்தில் பக்கத்தில் இருக்கிறவன் "இருடா" என்று சொன்னால் உங்கள் ஆட்டம் பிழைத்தது.

உங்கள் பல்லி முக வியாபாரிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓர் இனம் முழுவதும் ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊர்க்காரனையே நம்பாதே, அந்தக் கூட்டமே அப்படித்தான் என்று நம் திண்ணைகளில் காலங்காலமாகப் பேசுவதும் இதே பேச்சு. விண்வெளிக்குப் போயும் அந்த மூட்டையைச் சுமக்க வேண்டுமா? பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், 2022 ஆகஸ்டில் விண்வெளிக் கதைப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்தது. அதில் ஹடோஸி என்று குரங்கு போன்ற ஓர் இனம். மந்திரவாதி ஒருவன் அவர்களைப் பிடித்து அறிவு வரவழைத்து, அடிமைப் படையாக விற்கத் திட்டமிட்டான், வேறு யாரோ விடுவித்தார்கள் என்று வரலாறு. கறுப்பின மக்களை இழிவுபடுத்திய பழைய கதைகளின் வாடை அதில் அப்படியே அடித்தது. வாசகர்கள் கொதித்தார்கள், செப்டம்பரிலேயே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது. எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் நினைக்கவில்லை. யோசிக்காமல் கைக்கு வந்ததை எடுத்தார்கள். கைக்குச் சுலபமாக வருவது பெரும்பாலும் பழைய அழுக்குதான்.

ஆகவே ஐந்து கால்காரர்களிலும் எல்லோரும் உண்மை விளம்பிகளாக இருக்க வேண்டாம். காவல் நிற்கச் சலித்துக்கொண்டு கண் மூடி நடக்கும் இளசுகள் இருக்கட்டும். வெள்ளக் காலத்தில் பிறந்து வெடிப்பையே பார்க்காத தலைமுறை ஒன்று, சேற்றில் புதையும் கிழடுகளைக் கேலி செய்யட்டும். தானே விரும்பி ஜோடு மாட்டிக்கொண்ட சாமியார் ஒருவர் இருந்தால் அவரோடு பேசவே ஓர் அமர்வு வேண்டும்.

எவ்வளவு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அரைப் பக்கம் போதும்: நிலம், பொழுது, என்ன தின்கிறது, எதற்குப் பயப்படுகிறது, எதை மரியாதை என்று நினைக்கிறது. அதை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம், ஆடுகிறவர்கள் இடித்துக்கொண்டே கண்டுபிடிக்கட்டும். பெயர் வைக்கும்போது மட்டும் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து வாயில் நுழையாத எழுத்துக்களைக் கோக்காதீர்கள். மூன்றாவது வாரமே உங்கள் நண்பர்கள் அதை 'அஞ்சு கால் ஆளு' என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். பேசாமல் அதையே வைத்துவிடலாம்.