கொட்டிலில் கிடந்த காரை மீண்டும் எழுப்புதல்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் சில ஊர் திரும்பியபோது அவர்களுக்கு மிஞ்சியிருந்த சொத்துக்களில் ஒன்று, வளவின் மூலையிலோ உறவினரின் கொட்டிலிலோ சக்கரம் இறங்கிக் கிடந்த பழைய கார். யாழ்ப்பாணப் பகுதியில் அது பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ40 ஆகவோ மொறிஸ் மைனராகவோ இருக்கும். வெங்காய மூடையைச் சந்தைக்கும் நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுசென்ற வண்டி. கண்டவுடன் ஒரு பற்றரியைக் கடன் வாங்கி இயக்கிப் பார்க்கவே மனம் உந்தும். அதைத்தான் செய்யக்கூடாது. ஆண்டுக்கணக்காகக் கிடந்ததால் வந்த பழுதைவிட, அவசரப்பட்டு இயக்கும் முதல் பத்து நிமிடத்தில் உண்டாகும் பழுது கூடிய செலவை வைக்கும்.

முதலில் இடத்தைப் பாருங்கள். போர் நடந்த பகுதியில் பற்றை மூடிக் கிடக்கும் வண்டியானால் அருகே போகவேண்டாம். கதவைத் திறக்கவும் வேண்டாம். கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவித்து, கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்துச் சொன்ன பின்னரே கை வையுங்கள்.

அடுத்து, இந்தக் காருக்குச் செலவு செய்வது தகுமா என்று தீர்மானிக்கவேண்டும். இஞ்சின் இரும்பு, அதைத் திருத்தலாம். தகடு உக்கினால்தான் கஷ்டம். மொறிஸ் மைனருக்குத் தனியான சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். ஆகவே அடியில் படுத்து, பின்புற வில்லுத்தகடுகள் பொருத்திய இடங்களையும் நிலத்தகட்டையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். திருப்புளி உள்ளே இறங்கினால், ஒட்டுவேலைக்கு எவ்வளவு ஆகும் என்பதை முதலில் விசாரியுங்கள். விதைநெல்லுக்கு வைத்த பணத்தை உக்கிய தகட்டில் கொட்டுவது புத்தியல்ல. (மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிற்சாலை ஒன்று 1990களில் தென்னிலங்கையில் இயங்கியது. வடக்கில் ஒரு பிளக்குக்குக்கூட வழியில்லாதிருந்த காலம் அது!)

இனி இஞ்சின். எமது பகுதிக் கார்களுக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இப்பழைய இஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு; அதனால் அவை அதைப் பொறுத்துக்கொண்டன. ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாவதில்லை. எரியாத பகுதி சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே சம்பிற்குள் இறங்கிவிடும். அங்கே ஒயில் தண்ணீர்போல நீர்த்துப்போகும். மேலே கரி படியும். அக்காலத்தில் ஓடி அப்படியே நிறுத்தப்பட்ட காரின் பிஸ்டன் றிங்குகள் ஒயில் காவல் இல்லாமலே துருவேறிச் சிலிண்டருடன் ஒட்டியிருக்கக்கூடும். அந்த நிலையில் கியரில் போட்டு இழுத்தால் றிங் முறியும்.

ஆகவே நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். இஞ்சின் ஒயிலும் டீசலும் சமமாகக் கலந்து ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மேசைக்கரண்டி விட்டு, நாலைந்து நாள் ஊறவிடுங்கள். பின்னர் முன்பக்க ஹான்டிலைப் போட்டு மெதுவாக அசையுங்கள். அசையாவிட்டால் மீண்டும் ஊறவேண்டும், பலம் காட்டவேண்டாம். சுற்றத் தொடங்கியதும் மேல்மூடியைக் கழற்றி, எட்டு வால்வுகளும் இறங்கி ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஒட்டிய வால்வு தள்ளுகம்பியை வளைத்துவிடும்.

பழைய ஒயிலை முழுதாக வடித்து முகர்ந்து பாருங்கள்; மண்ணெண்ணெய் மணந்தால் சம்பையும் கழற்றி அடியில் உள்ள சேற்றைத் துடைக்கவேண்டும். புது ஒயிலும் பில்டரும் போட்டபின், பிளக்குகள் இல்லாமலே சுற்றுங்கள். ஒயில் அமுக்கம் காட்டும்வரை, மைனரில் ஒயில் எச்சரிக்கை விளக்கு அணையும்வரை, பிளக்கைப் பூட்டக்கூடாது. காய்ந்த பெயறிங் ஒயில் ஏறுமுன் வேகமாகச் சுழன்றால் தேய்ந்துபோகும்.

பற்றரி பூட்டும்போது அவதானம் தேவை. இக்கார்களில் நேர்முனைதான் உடலுடன் தொடுக்கப்படும். இன்றைய வாகனங்களில் பழகிய இளம் மெக்கானிக்குகள் மாறிப் பூட்டிவிடுவார்கள், கட்-அவுட் கருகிப்போகும். அதற்கு முன் வயர்களை எலி கடித்திருக்கிறதா என்று முழு நீளத்திற்கும் பாருங்கள். டிஸ்ரிபியூற்றர் முனைகளை மெல்லிய அரத்தால் துப்புரவாக்கி, 15 ஆயிரத்தில் ஓர் அங்குல இடைவெளி வையுங்கள், பிளக்குக்கு 25.

தாங்கியில் கிடந்த எரிபொருள் பிசினாகியிருக்கும். தாங்கியை இறக்கி, சிறு கூழாங்கற்கள் போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். வெறும் தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். அதன் அருகே பீடியும் வேண்டாம், ஒட்டுவேலையும் வேண்டாம். றேடியேற்றரையும் கழுவி, கிணற்றுநீருக்குப் பதிலாக மழைநீர் விடுங்கள். சுண்ணாம்புப் பாறையில் ஊறும் எமது கிணற்றுநீர் கேத்திலில் படிவதுபோல இங்கும் படியும்.

இஞ்சின் இயங்கிவிட்டால் பிள்ளைகள் ஏறிக்கொள்வார்கள். பிறேக் பார்க்கும்வரை வண்டியை அசைக்கவேண்டாம். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்திருக்கும். றப்பர்கள், குழாய்கள் அனைத்தையும் புதிதாகப் போடுங்கள். மைனரின் பிரதான சிலிண்டர் சாரதியின் காலடியில், நிலத்தகட்டுக்குக் கீழே இருப்பதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். இஞ்சின் ஒயிலைப் பிறேக்கிற்கு ஒருபோதும் ஊற்றக்கூடாது. றப்பர் ஊதி, பிறேக் பிடித்தபடியே நின்றுவிடும்.

மைனருக்கு இன்னொரு பலவீனம், முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்ப்புரி முடிச்சு. கிறீஸ் இல்லாமல் புரி தேய்ந்தால் ஓடும்போதே சக்கரம் மடிந்து வீதியில் விழும். கழற்றி, புரியைப் பார்த்து, கிறீஸ் ஏற்றுங்கள். பின்னரும் 1,000 மைலுக்கு ஒருமுறை. வெடித்த ரயர்களை, பூ தேயாமல் இருந்தாலும், மாட்டுவண்டிக்குக் கொடுத்துவிடுங்கள்.

பதிவுப் புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பொலிசில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தை நாடவேண்டும். இஞ்சின் இலக்கத்தையும் சசி இலக்கத்தையும் முன்பே எழுதி வையுங்கள்; துருவைச் சுரண்டும்போதோ பெயின்ற் அடிக்கும்போதோ அவற்றை அழித்துவிடவேண்டாம். பதிவும் காப்புறுதியும் வரி அனுமதிப்பத்திரமும் இல்லாமல் வீதிக்கு இறக்க முடியாது.

முதல் ஓட்டம் வளவுக்குள்ளேயே இருக்கட்டும். பின்னர் ஐம்பது மைல் வரை ஊருக்குள் மெதுவாக ஓடி, ஒயிலை மறுபடியும் வடியுங்கள். உள்ளே ஒட்டியிருந்த கரி அத்தனையும் அதில் இறங்கியிருக்கும்.