ஒரகடத்திலிருந்து ஊருக்கு: சிறு பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் விடுமுறை

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் குடியிருக்கும் தென்மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் ஊருக்குப் போகும் பண்டிகை. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலையும் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங்கும் வந்தன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் முடித்த நெல்லை, தூத்துக்குடி, குமரி இளைஞர்கள் வேலைக்கு வந்து, நாலைந்து பேராக ஒரு அறையில் தங்கினார்கள். அவர்களில் பலர் இன்று திருமணமாகி, படப்பையிலோ மாம்பாக்கத்திலோ ஒரு போர்ஷன் எடுத்து, குழந்தைகளோடு வாழ்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு; கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 47 விழுக்காடு. டிசம்பர் கடைசி வாரம் தெற்கே போகும் ரயிலில் ஏன் இடம் கிடைப்பதில்லை என்பதை இந்த எண்ணிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

இந்தக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளுக்குத் தாத்தா, ஆச்சி, பெரியப்பா, அத்தை எல்லாம் பெரும்பாலும் வீடியோ கால் முகங்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு அப்பா வேலைக்குத் திரும்பிவிடுவார். அப்பா, அம்மா, பிள்ளைகள், சொந்தபந்தம் என்று எல்லோரும் ஒரே கூரையின்கீழ் சில நாள் சேர்ந்திருக்கும் வாய்ப்பு கிறிஸ்துமஸில்தான் அமைகிறது. அதற்கு மூன்று நாட்காட்டிகள் ஒத்துவர வேண்டும்: பள்ளி, கோவில், ஆலை.

பள்ளியில் சிக்கல் குறைவு. அரையாண்டுத் தேர்வு பொதுவாக டிசம்பர் 23-ஐ ஒட்டி முடிந்து, புத்தாண்டு வரை விடுமுறை விடப்படும். கோவில் நாட்காட்டி அதைவிட நீளமானது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம்; சனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். கத்தோலிக்கத் திருச்சபை கிறிஸ்துமஸை அடுத்த ஞாயிறைத் திருக்குடும்ப விழாவாகவும், டிசம்பர் 28-ஐ மாசற்ற குழந்தைகளின் நினைவு நாளாகவும் வைத்திருக்கிறது. டிசம்பர் 31 இரவு, சபை வேறுபாடின்றிப் பெரும்பாலான கோவில்களில் ஆண்டிறுதி ஆராதனை நடக்கும். குடும்பத்தையும் குழந்தையையும் மையமாக வைத்து இவ்வளவு நாட்கள் அமைந்த காலம் கிறிஸ்தவ ஆண்டில் வேறு இல்லை.

இடறுவது ஆலைதான். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம், சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாக்குகிறது. அந்த ஐந்தில் கிறிஸ்துமஸ் இருக்குமா என்பது ஆலைக்கு ஆலை மாறும். இருந்தாலும் அது ஒரே ஒரு நாள். அன்று வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளமோ, சம்பளத்தோடு மாற்று விடுமுறையோ தர வேண்டும் என்கிறது சட்டம். ஒரு நாளில் நாகர்கோவிலுக்குப் போய்த் திரும்ப முடியாது. மிச்ச நாட்களுக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சேரும் ஈட்டிய விடுப்பைத்தான் எடுக்க வேண்டும். மூன்றே வாரத்தில் பொங்கல் வருவதால் சூப்பர்வைசரும் யோசிப்பார். பொங்கலுக்கு லைனில் பாதிப் பேர் ஊருக்குப் போக, கிறிஸ்தவத் தொழிலாளி அப்போது வேலைக்கு நின்று, பதிலுக்குக் கிறிஸ்துமஸில் விடுப்பு வாங்குவது பல ஆலைகளில் பேச்சளவில் நடக்கும் ஏற்பாடு. இருதரப்புக்கும் நியாயமான ஏற்பாடு அது. பேச்சளவில் நிற்காமல் எழுத்தில் வந்தால் இன்னும் நல்லது. சில வாகன ஆலைகள் ஆண்டிறுதியில் பராமரிப்புக்காக உற்பத்தியை நிறுத்தும். அந்த ஷட்டவுன் கிறிஸ்துமஸோடு பொருந்திவிட்டால் குடும்பத்துக்கு யோகம்தான். ஒப்பந்தத் தொழிலாளருக்கு இதில் எதுவும் உறுதியில்லை. விடுப்பு எடுத்த நாளுக்குச் சம்பளம் போகும், வருகை போனஸும் போகும். அதனால் மனைவியையும் பிள்ளைகளையும் மட்டும் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு அறையில் தனியே கிறிஸ்துமஸ் கொண்டாடும் அப்பாக்கள் இந்தப் பகுதியில் உண்டு.

விடுப்பு உறுதியாகும் முன்பே டிக்கெட் எடுத்துவிட வேண்டியிருக்கிறது. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. ஆகவே டிசம்பர் 23-க்கான டிக்கெட் அக்டோபர் 24 வாக்கில்தான் திறக்கும். நெல்லை, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்கள் தாம்பரத்திலும் செங்கல்பட்டிலும் நிற்பதால் எழும்பூர் வரை போய் அலைய வேண்டியதில்லை. 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு ஸ்லீப்பரில் படுக்கை வேண்டாமென்றால் பாதிக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். ஏழு வயதுப் பிள்ளையை ஒரே படுக்கையில் நெருக்கிக்கொண்டு பத்து மணி நேரத்துக்கு மேல் போனால் பெரியவரும் தூங்க முடியாது, பிள்ளையும் தூங்க முடியாது. முழுக் கட்டணம் கொடுத்துவிடுவதே மேல். 2023 செப்டம்பரில் திருநெல்வேலிக்கும் 2024 ஆகஸ்டில் நாகர்கோவிலுக்கும் வந்தே பாரத் ரயில்கள் ஓடத் தொடங்கின. நெல்லைக்கு எட்டு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும் என்றாலும், உட்கார்ந்தே போகும் வண்டி அது. தவழும் குழந்தைக்கும் நடை பழகும் குழந்தைக்கும் இரவு ரயில்தான் சுகம்.

ரயில் கிடைக்காதவர்களுக்குக் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்ட அந்தப் பேருந்து முனையம் வடசென்னைக்காரர்களுக்குத் தொலைவு. ஒரகடத்துக்காரர்களுக்கோ அது வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் மறுமுனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோயம்பேடு வரை நெரிசலில் போன காலம் முடிந்தது. விடுமுறைக்கு அரசு சிறப்புப் பேருந்துகளும் விடுகிறது.

டிசம்பர் மழையையும் கணக்கில் வைக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-இல், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையில், தாமிரபரணிப் படுகையில் பேய்மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தில் நின்றுவிட்டது. கைக்குழந்தையோடு கிளம்புகிறவர்கள் பால்பவுடர், வெந்நீர் ஃப்ளாஸ்க், காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவற்றைப் பயண நேரத்தைவிட ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

ஊரில் கிறிஸ்துமஸ் டிசம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. கிராமங்களில் விடியுமுன் பஜனை போவார்கள். இரவில் கேரல் ரவுண்ட்ஸ் வரும். முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா வாசலில் ஆடுவார், பெரிய பிள்ளைகள் பின்னாலேயே ஓட, இரண்டு வயதுக் குழந்தை அலறிக்கொண்டு அம்மாவின் தோளில் முகம் புதைக்கும். வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும். குடில் கட்டும் வழக்கம் 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் பிரான்சிஸ் அசிசியார் அமைத்த காட்சியிலிருந்து பரவியது என்பார்கள். ஊர்ப் பிள்ளைகள் அதற்கு வைக்கோல் கொண்டுவருவதும், தட்டில் கேழ்வரகோ நெல்லோ முளைக்கவிட்டுப் புல்வெளி வைப்பதும் தாங்களாகவே செய்யும் வேலைகள். போர்ஷன் வீட்டில் மண்ணைத் தொடாத பிள்ளைக்கு, அத்தை மகனோடு சேர்ந்து குடில் கட்டும் அந்த ஒரு மாலை, கடையில் வாங்கிய எந்தப் பொம்மையையும்விடப் பெரிது.

பலகாரமும் அப்படித்தான். குமரி மாவட்டத்தில் முந்திரிக்கொத்து செய்வார்கள்: வறுத்துப் பொடித்த பாசிப்பயறை வெல்லப்பாகில் உருட்டி, அரிசி மாவுக் கரைசலில் தோய்த்து, மூன்று மூன்றாக ஒட்டவிட்டுப் பொரிப்பது. அதோடு அச்சு முறுக்கு, அதிரசம், கல்கல். தூத்துக்குடிப் பக்கம் மக்ரூன். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடக்கூடாது. ஆனால் கல்கலுக்கு மாவைச் சீப்பிலோ முள்கரண்டியிலோ வைத்துச் சுருட்டும் வேலையை நான்கு வயதுப் பிள்ளைக்கே கொடுக்கலாம். கோணலாக வரும், பொரித்தால் எல்லாம் ஒரே ருசிதான். ஆச்சியும் பேத்தியும் ஒருவருக்கொருவர் பழக்கமாவது இந்த வேலையில்தான்.

உறவினர்கள் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. எட்டு, ஒன்பது மாதத்தில் குழந்தைக்குப் புதுமுகம் கண்டால் அழும் இயல்பு வரும். இரண்டு வயது வரைகூட நீடிக்கும். அது வளர்ச்சியின் ஒரு படி. “பேரனுக்கு நம்மைப் பிடிக்கலையே” என்று தாத்தா மனம் நோக வேண்டியதில்லை, “பட்டணத்துல வளர்த்த லட்சணம்” என்று மருமகளைக் குத்தவும் வேண்டியதில்லை. முதல் நாள் பத்துப் பேர் கைமாற்றித் தூக்காமல், குழந்தை அம்மா மடியில் இருந்தபடியே பார்த்துப் பழக விட்டால், இரண்டாம் நாள் தானே வந்துவிடும்.

தூக்கம் அடுத்த பிரச்சினை. கத்தோலிக்கருக்கு நள்ளிரவுத் திருப்பலி, சி.எஸ்.ஐ. சபைகளில் அதிகாலை ஆராதனை. இரவு நேர சி ஷிப்ட் முடித்துப் பயணம் செய்து வந்த அப்பாவுக்கே கண் சொருகும். ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளையை எழுப்பி, புதுத்துணி உடுத்தி, பனியில் கூட்டிப்போக வேண்டுமென்று கட்டாயமில்லை. வீட்டில் ஒருவர் குழந்தையோடு இருந்துவிட்டுக் காலைத் திருப்பலிக்குப் போகலாம். பெரியவர்கள் மனது வைத்தால் இதில் சண்டைக்கே இடமில்லை. கிறிஸ்துமஸ் அன்று ஒன்பது வீட்டுக்குப் போய் ஒன்பது வீட்டிலும் சாப்பிட வைப்பதையும் நிறுத்திக்கொள்ளலாம். காலை ஒரு வீடு, மாலை ஒரு வீடு, மற்றவர்களை அடுத்த நாட்களில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் பிள்ளைக்கு வயிறும் கெடாது, முகங்களும் மனதில் நிற்கும்.

பாதுகாப்பில் நாலு விஷயம். குழாய்த் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைக்குக் கிணறும் குளமும் கடலும் தெரியாது. பின்கட்டுக் கிணற்றுக்கு வலையோ மூடியோ போட்ட பிறகுதான் பிள்ளையைத் தனியே விளையாட விட வேண்டும். முழு முந்திரி, நிலக்கடலை போன்றவை நான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயில் சிக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் ஆசையாகத் தேன் தடவுவதும் ஆபத்து; தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளம் குடலில் நஞ்சை உண்டாக்கும். தென்மாவட்டங்களில் கிறிஸ்துமஸுக்கு வெடி போடும் வழக்கம் பலமாக இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018-இல் கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் 11.55 முதல் 12.30 வரை என்று நேரம் வகுத்தது. கைக்குழந்தை இருக்கும் வீட்டு வாசலில் அந்த நேரத்திலும் வேண்டாம்.

குமரிக் கடற்கரையில் பண்டிகைக்கு மறுநாளே துக்கம் வந்துசேரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலும் மணக்குடியும் நூற்றுக்கணக்கானோரை இழந்தன. ஆண்டுதோறும் அன்று நினைவுத் திருப்பலி நடக்கிறது. கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். பல பிள்ளைகள் தாங்கள் பார்த்திராத ஒரு சித்தியின், ஒரு பெரியப்பாவின் பெயரை முதன்முதலாகக் கேட்பது அங்கேதான். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அதை மறைக்காமல் எளிமையாகச் சொல்லலாம்.

எல்லோரும் ஊருக்குப் போய்விடுவதில்லை. ஷிப்ட் மாற்ற முடியாத வீடுகளுக்குத் தாத்தாவும் ஆச்சியும் பலகார டப்பாவோடு ரயிலேறி வருகிறார்கள். ஒற்றை அறையில் ஆறு பேர் படுப்பது நெருக்கடிதான். ஆனாலும் அப்பா வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும்போது பிள்ளைகளும் பெரியவர்களும் ஒன்றாக வீட்டில் இருப்பார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியைத் தமிழ்நாடு அரசு திறந்தது. வேலைக்கு வரும் பெண்களுக்கு அது பெரிய உதவி. குழந்தையோடு வாழும் குடும்பங்களுக்கு அந்த அளவில் குடியிருப்பு இன்னும் எழவில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கிறிஸ்தவத் தொழிலாளருக்கு ஊர் இரண்டு நாள் பயணம். ஆலை வேலைக்காக வந்திருக்கும் கொரியக் குடும்பங்கள் பல இங்கேயே பண்டிகையைக் கழிக்கின்றன; கிறிஸ்துமஸ் கொரியாவில் அரசு விடுமுறை. இப்படித் தனித்து நிற்பவர்களைத் தங்கள் வீட்டு விருந்துக்கு அழைக்கும் குடும்பங்கள் இங்கு உண்டு. அடுத்த வீட்டு இந்து, முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கேக்கும் பிரியாணியும் போகும், தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் தட்டு திரும்பி வரும்.

2026-இல் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருகிறது. சனிக்கிழமை ஒரு நாள் விடுப்புக் கிடைத்தால் ஞாயிறோடு மூன்று நாள். முன்னால் ஒரு நாளும் பின்னால் ஒரு நாளும் சேர்ந்தால் ஊருக்குப் போய்வரப் போதும். விடுப்பு வேண்டுவோரின் பட்டியலை ஆலைகள் அக்டோபரிலேயே, முன்பதிவு திறக்கும் முன், முடிவு செய்யட்டும். அதில் சிறு குழந்தை உள்ளவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கட்டும். ஒப்பந்தத் தொழிலாளரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.