‘நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்’

செப்டம்பர் பிறந்ததும் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் ஸ்டாஃப் ரூம் வாசலில் இறுதியாண்டு மாணவர்கள் தயங்கித் தயங்கி நிற்கத் தொடங்குவார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ எம்.எஸ். படிக்கப் போக நினைப்பவர்கள் அவர்கள். கையில் வேண்டியது எல்.ஓ.ஆர். எனப்படும் பரிந்துரைக் கடிதம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பல துறைகளுக்கு டிசம்பர் நடுப்பகுதியிலேயே கடைசித் தேதி வந்துவிடும். “சார், எல்.ஓ.ஆர். வேணும் சார்” என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “அதுக்கென்னப்பா, நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்” என்பதுதான். மாணவருக்கு நிம்மதி, ஆசிரியருக்கும் ஒரு வேலை மிச்சம். கன்சல்டன்சிக்காரர்கள் மாதிரிக் கடிதங்களைக் கையில் வைத்திருப்பதால் எழுதும் சிரமம்கூட இல்லை. இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆசிரியரின் பெருந்தன்மை என்று நினைப்பவர்களே அதிகம். ஆனால் இந்தப் பெருந்தன்மையால் நஷ்டப்படுகிறவர் அந்த மாணவர்தான் என்பது என் கட்சி.

கடிதத்தை எதற்காகக் கேட்கிறார்கள் என்று பார்த்தால் இது புரியும். விண்ணப்பத்தில் இருக்கும் ரெஸ்யூமேயும் நோக்க அறிக்கையும் மாணவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்பவை. மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகம் சொல்வது. ஆனால் 8.4 சிஜிபிஏ என்றால் என்ன என்பது, அந்தக் கல்லூரியின் பெயரைக் கேள்விப்பட்டிராத ஒரு அமெரிக்கப் பேராசிரியருக்கு எப்படித் தெரியும்? 2020-க்குப் பிறகு பல துறைகள் ஜி.ஆர்.இ. தேர்வையும் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டன. ஆக, பக்கத்திலிருந்து பார்த்த இன்னொருவர் சொல்வதாக விண்ணப்பத்தில் மிஞ்சுவது பரிந்துரைக் கடிதம் மட்டுமே. அமெரிக்காவில் வழக்கமாக மூன்று கடிதம் கேட்பார்கள், பிரிட்டனில் பெரும்பாலும் இரண்டு. ஆசிரியருக்கு மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் திறந்தால் கடிதத்தைப் பதிவேற்றும் இடத்துக்கு முன்னால் பல விண்ணப்பங்களில் ஒரு படிவமும் இருக்கும். இவரை எத்தனை காலமாகத் தெரியும், எந்த வகையில் தெரியும், நீங்கள் பாடம் எடுத்த மாணவர்களில் இவர் முதல் ஒரு சதவீதத்திலா, ஐந்திலா, பத்திலா, அதற்கும் கீழேயா? ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் கேள்வியின் சாரம். நம் ஊரில் ஒப்பிட்டுச் சொல்லும் கடிதத்துக்கு வேலையே இருந்ததில்லை. கவுன்சலிங்குக்கு மதிப்பெண், எம்.டெக்.குக்கு கேட் தேர்வு. கல்லூரியை விட்டுப் போகும்போது டி.சி.யோடு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் கிடைக்கும். அதில் எல்லோருடைய நடத்தையும் நன்றாகத்தான் இருக்கும். பரிந்துரைக் கடிதத்தையும் அந்தச் சான்றிதழின் கொஞ்சம் நீளமான வடிவமாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், பழக இனியவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். இதைப் படித்து யாரும் யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது.

நல்ல பரிந்துரைக் கடிதம் எப்படியிருக்கும் என்று காட்டச் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. 1913 பிப்ரவரியில் இந்திய வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, அங்கே கணக்குப் பிரிவில் முப்பது ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனின் கணிதக் குறிப்புகளைப் பார்த்தார். மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். கடிதம் சிறியதுதான், ஆனால் அது செய்யும் காரியங்களைக் கவனிக்க வேண்டும். தான் பார்த்த வேலையின் புதுமை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஃபெல்லோவுடைய வேலைக்கு ஒப்பானது என்று முதலில் ஒப்பிடுகிறார். வாக்கரே டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாக இருந்தவர் என்பதால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் இருந்தது. அடுத்து, இந்த வேலையில் முழுமையும் துல்லியமும் குறைவு, இவருடைய சூழ்நிலையில் அது எதிர்பார்க்கக்கூடியதுதான் என்று குறையையும் சொல்கிறார். பிறகு, இந்தக் கணிதப் பிரிவுகள் தன்னுடைய துறை அல்ல, அதனால் இவர் திறமையின் உயரத்தைத் தன்னால் நம்பகமாக அளக்க முடியாது என்று தன் வரம்பையும் ஒத்துக்கொள்கிறார். கடைசியாக, பிழைப்பைப் பற்றிய கவலையில்லாமல் சில ஆண்டுகளாவது கணிதத்தில் முழு நேரத்தையும் செலவிட இவருக்குப் பல்கலைக்கழகம் வழி செய்வது நியாயம் என்று குறிப்பாகக் கேட்கிறார். பட்டமே வாங்காத ராமானுஜனுக்கு அந்த ஆண்டு மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைத்தது.

வாக்கருக்குப் பதிலாக ராமானுஜனே அந்தக் கடிதத்தை எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் இந்த நான்கில் எதைச் சொல்லியிருக்க முடியும்? தானே எழுதும் கடிதத்தின் கோளாறு அங்கேதான் இருக்கிறது. மாணவருக்குத் தன்னைத் தெரியும். ஆனால் தனக்கு முன்னால் அதே வகுப்பில் படித்துப்போன பத்து ஆண்டு மாணவர்களைத் தெரியாது. அதனால் ஒப்பிட முடியாது. குறை சொல்லத் துணிய மாட்டார். குறையே இல்லாத கடிதத்தை, நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் படித்துப் பழகியவர்கள் நம்ப மாட்டார்கள். மூன்று கடிதங்களையும் ஒருவரே எழுதும்போது மூன்றிலும் ஒரே நடை, ஒரே அடைமொழிகள், நோக்க அறிக்கையில் உள்ள அதே வாக்கியங்கள். அதே கல்லூரியிலிருந்து இன்னும் நாலு பேர் அதே மாதிரிக் கடிதத்தை வைத்து எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம். பரிந்துரைப்பவரே எழுதியிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லும் பல்கலைக்கழகங்கள் உண்டு. மீறியது தெரிந்தால் அனுமதி போய்விடும். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1974-இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று, மாணவர்கள் தங்கள் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்தது. பரிந்துரைக் கடிதம் மட்டும், எழுதுபவர் மனம் திறந்து எழுதட்டும் என்பதற்காக, மாணவரே விரும்பி அந்த உரிமையை விட்டுக்கொடுக்கக்கூடியதாக இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கும். நம் மாணவர்கள் அதை ‘டிக்’ செய்துவிடுகிறார்கள். தானே எழுதிய கடிதத்தைப் பார்க்கும் உரிமையைத் தானே துறக்கிற அதிசயம் இப்படி வருஷா வருஷம் நடக்கிறது.

‘வாத்தியாருக்கு நேரம் எங்கே இருக்கிறது?’ என்பது இதற்கு வரும் முதல் பதில். அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அறுபது பேர் கொண்ட வகுப்பு, அதுபோல இரண்டு மூன்று பிரிவுகள், இன்டர்னல் மார்க், லேப், அக்ரெடிடேஷன் கோப்புகள். இதற்கு நடுவே இருபது பேர் கடிதம் கேட்டு, ஆளுக்கு எட்டுப் பல்கலைக்கழகம் என்றால், ஒருவர் நூற்று அறுபது முறை படிவம் நிரப்ப வேண்டும். இதற்குச் சம்பளமும் இல்லை, பதவி உயர்வில் இடமும் இல்லை. கல்லூரி நிர்வாகங்கள் இதை வேலையாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளாததுதான் மூல வியாதி. ஆனாலும் ஆசிரியரின் நேரம் எதில் போகிறது என்று பார்த்தால், எழுதுவதைவிட நினைவுபடுத்திக்கொள்வதிலேயே அதிகம் போகிறது. ‘யார் இந்தப் பையன், என்ன செய்தான்?’ அந்தச் சிரமத்தை மாணவர் குறைக்க முடியும், கடிதத்தை எழுதிக் கொடுக்காமலேயே. மதிப்பெண் பட்டியல், ரெஸ்யூமே, நோக்க அறிக்கையின் வரைவு, பல்கலைக்கழகங்களும் கடைசித் தேதிகளும் அடங்கிய ஒரு தாள், இவற்றோடு ஒரு பக்கக் குறிப்பு. குறிப்பில் புகழ்ச்சி வேண்டாம், நடந்தவை போதும். எந்த செமஸ்டரில் எந்தப் பாடம், லேபில் என்ன தகராறு வந்து எப்படிச் சரியானது, புராஜெக்ட் ரிவ்யூவில் சார் என்ன கேட்டார், அதற்காக எதை மாற்றினோம். ‘சிக்கல்களைத் தீர்ப்பதில் வல்லவர்’ என்று மாணவர் எழுதித் தருவது வரைவு. ‘இரண்டாவது ரிவ்யூவில் சென்சார் அளவீடுகள் தாறுமாறாக வந்தபோது, சர்க்யூட்டில் கோளாறு இல்லை, பவர் சப்ளையில்தான் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது’ என்பது குறிப்பு. முன்னது கையெழுத்தை மட்டும் கேட்கிறது. பின்னதைப் படித்தால் ஆசிரியருக்கு அந்த மூன்று வாரமும் ஞாபகம் வரும், அதற்கு மேல் அவர் தன் அபிப்பிராயத்தை எழுதலாம்.

கேட்கும் காலமும் முக்கியம். கடைசித் தேதிக்கு ஒரு மாதமாவது முன்னால் கேட்க வேண்டும். செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் திருத்தம் எல்லாம் நவம்பர், டிசம்பரில்தான் வந்து குவியும் என்பதால் செப்டம்பரிலேயே கேட்டுவிடுவது உத்தமம். கேட்கும்போது, ‘மேடம், என்னைப் பற்றி நல்லபடியாக எழுதுகிற அளவுக்கு உங்களுக்கு என்னைத் தெரியும் என்று நினைக்கிறீர்களா?’ என்று கேட்டால், மறுக்க விரும்புகிறவருக்கு முகம் கோணாமல் மறுக்க ஒரு வழி கிடைக்கும். தயங்குகிறவரை வற்புறுத்தி வாங்கும் கடிதம் வெறுங்கடிதமாகத்தான் வரும். சம்மதித்தவருக்குக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கையில் ஒரு நினைவூட்டல் போதும்; இணைப்பு ஸ்பாம் பெட்டியில் போய் உட்கார்ந்திருப்பது சகஜம். கல்லூரி மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் கடிதத்தைச் சந்தேகத்தோடு பார்க்கும் பல்கலைக்கழகங்கள் பல.

யாரிடம் கேட்பது என்பதில்தான் நம் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஹெச்.ஓ.டி., முடிந்தால் பிரின்சிபால், இன்னும் முடிந்தால் டீன் என்று பதவியைப் பார்த்துப் போகிறார்கள். பெரிய மனிதரின் ஒரு வரிக்கு மதிப்பு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1948-இல் ஜான் நாஷுக்காகக் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தின் ரிச்சர்ட் டஃபின் பிரின்ஸ்டனுக்கு எழுதிய கடிதம் சில வரிகளே. இவர் ஒரு கணித மேதை என்பதுதான் அதன் விஷயம் முழுவதும். ஆனால் ‘மேதை’ என்கிற சொல்லை யார் சொல்கிறார், அவர் சொன்னால் என்ன அர்த்தம் என்பது படிப்பவருக்கு விளங்கும்போதுதான் ஒற்றை வரி செல்லுபடியாகும். நம் கல்லூரியின் பிரின்சிபாலை நம் மாவட்டத்துக்குத் தெரியும், ஒஹாயோவுக்குத் தெரியாது. பெயரைக் கொண்டு நம்பவைக்க முடியாத இடத்தில் விவரத்தைக் கொண்டுதான் நம்பவைக்க முடியும். அந்த விவரம் இருப்பது வாரத்துக்கு இரண்டு முறை புராஜெக்டைப் பார்த்த உதவிப் பேராசிரியரிடம். பதவி சிறியது என்பதால் அவரைத் தாண்டிப் போவது, கண்ணால் பார்த்த சாட்சியை விட்டுவிட்டு ஊர்ப் பெரியவரைக் கூண்டில் ஏற்றுவது போல.

இவ்வளவும் செய்தாலும் பரிந்துரைக் கடிதங்கள் நேர்மையான அளவுகோல்தானா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் ஆதாரமும் இருக்கிறது. புவியறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிகளுக்காக 54 நாடுகளிலிருந்து வந்த 1,224 கடிதங்களை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மிகச் சிறப்பான கடிதம் கிடைக்கும் வாய்ப்பு பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய பாதிதான் என்று கண்டது. எழுதியவர் ஆணா பெண்ணா என்பதால் இது மாறவில்லை. 2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மதிப்பெண்களும் தேர்வுகளும் சொல்வதற்கு மேல் கடிதங்கள் சொல்வது குறைவு, ஆனால் எடுத்த பட்டப்படிப்பை முடிப்பாரா என்பதில் அவை கொஞ்சம் கூடுதலாகச் சொல்கின்றன என்றது. விடாமல் படிப்பவரா, பாதியில் சோர்ந்துவிடுபவரா என்பது பரீட்சைத் தாளில் தெரியாது, கூட இருந்தவருக்குத் தெரியும். ஆகவே அந்த முடிவில் ஆச்சரியமில்லை. ‘கடிதமே பாரபட்சம்தான், நானே எழுதினால் என்ன?’ என்று வாதிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரபட்சம் ஒளிந்துகொள்வது மொழுமொழு வார்த்தைகளில்தான். ஒரு மாணவியை ‘பொறுப்பான, அமைதியான பெண்’ என்று எழுதிவிட்டுப் போகும் ஆசிரியர், அவள் தந்த குறிப்பில் என்ன செய்தாள் என்பது வரிசையாக இருந்தால் அவ்வளவு எளிதாகத் தப்பிக்க முடியாது.

இதற்கும் அடங்காத ஒரு நிலைமை மிச்சமிருக்கிறது. நான்கு ஆண்டும் கடைசி பெஞ்சில் இருந்து, யாரிடமும் பேசாமல், புராஜெக்டையும் வெளியே காசு கொடுத்து வாங்கிய மாணவருக்கு நவம்பரில் எம்.எஸ். ஆசை வந்தால் என்ன செய்வது? குறிப்பு எழுத அவரிடம் சம்பவம் இல்லை. கடிதம் எழுத ஆசிரியரிடம் நினைவு இல்லை. அப்போது மாதிரிக் கடிதத்தைத் தேடி ஓடுவதைவிட வேறு வழிகள் மேல். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பல முதுகலைப் படிப்புகள் மதிப்பெண்ணை முன்னிறுத்தியே சேர்க்கின்றன, கடிதம் கேட்பதில்லை. வேலைக்குப் போனால் ஒன்றரை ஆண்டில் ஒரு மேனேஜர் அவர் வேலையைப் பார்த்திருப்பார். தொழில் சார்ந்த எம்.எஸ். படிப்புகள் பலவற்றில் மூன்றில் ஒரு கடிதம் வேலை செய்யும் இடத்திலிருந்து வரலாம். கல்லூரியில் இன்னும் ஒரு செமஸ்டர் மிச்சமிருந்தால், ஒரு சாரிடம் போய், ‘சார், உங்க லேப்ல ஏதாவது சின்ன வேலை இருந்தா குடுங்க சார், செய்யறேன்’ என்று கேட்டு ஆரம்பிக்கலாம். அந்த ஆண்டின் கடைசித் தேதி போய்விடும். அடுத்த டிசம்பரிலும் விண்ணப்பம் வாங்குவார்கள்.